ரோஹிங்கியா அகதிகளுக்கு நிவாரணம் மட்டும் போதுமா?

கடலோரன்:
மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா மக்கள் வாழும் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் ஆளுக்கு மாதம் 12 டாலராக இருந்த உணவு உதவியை, நன்கொடை குறைந்ததால், ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2023 மார்ச்சில் 10 டாலராகவும் ஜூனில் 8 டாலராகவும் குறைத்தது. எட்டு டாலர் என்பது நாளொன்றுக்கு 27 சென்ட்; அதில்தான் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம். பிற்பாடு தொகை உயர்ந்தது உண்மைதான். ஆனால் உழைக்கத் தெம்புள்ளவர்களை முறையான வேலைக்கு அனுமதிக்காமல், சுமார் பத்து லட்சம் பேரின் சோற்றை ஆண்டுதோறும் பிற நாடுகளின் மனநிலைக்கு விட்டுவைப்பது கொடுமை. அவர்களுக்கு வேலை அனுமதியும் தொழிற்பயிற்சியும் கிடைக்க வேண்டும்.

மேகலை:
உங்கள் அக்கறை புரிகிறது. வழியை என்னால் ஏற்க முடியவில்லை. 1982 குடியுரிமைச் சட்டத்தால் ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கி, 2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் துரத்தியது மியான்மர். அவர்கள் வங்கதேசத்திலேயே வேரூன்றிவிட்டால், துரத்தியவர்களின் எண்ணம் பலித்துவிடும். அத்துடன், முகாம்கள் இருக்கும் உகியாவிலும் டெக்நாஃபிலும் அன்றாடக் கூலியை நம்பி வாழும் உள்ளூர்க்காரர்களை யார் கேட்பது?

கடலோரன்:
ஊர் திரும்புவது அவர்கள் உரிமை. அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 2019 ஆகஸ்டில் அவர்களை மியான்மருக்கு அனுப்பப் பேருந்துகள் வந்து நின்றும் ஒருவர்கூட ஏறவில்லை, ஏனென்றால் குடியுரிமைக்கும் உயிருக்கும் எந்த உறுதியும் இல்லை. அதுவரை அவர்கள் இருப்பது மூங்கிலும் தார்ப்பாயும் சேர்ந்த குடிசைகளில். நிலையான கட்டடத்துக்கு அனுமதி இல்லை. பதப்படுத்தாத மூங்கிலைப் பூச்சி அரித்துவிடும், மறுபடியும் மூங்கில் வாங்க வேண்டும். 2021 மார்ச்சில் பற்றிய தீயில் ஆயிரக்கணக்கான குடிசைகள் எரிந்தன. தற்காலிகம் என்ற பெயரில் ஒரே செலவைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம். உள்ளூர்க்காரர்களைப் பற்றிக் கேட்டீர்கள்: 2018 முதல் முகாம்களுக்குச் சமையல் எரிவாயு சிலிண்டர் கொடுத்தபோது சுற்றியுள்ள உள்ளூர்க் குடும்பங்களுக்கும் கொடுத்தார்கள், விறகுக்காகக் காட்டை வெட்டுவது வெகுவாகக் குறைந்தது. தொலைநோக்கு உதவி இருதரப்புக்கும் பயன்படும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மேகலை:
சிலிண்டர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். குடிசைகளை உறுதியாகக் கட்டவும் நான் தடை சொல்லவில்லை. ஆனால் அடுப்பு யாருடைய கூலியையும் குறைக்காது, வேலைச் சந்தை குறைக்கும். என்னைக் கேட்டால், நீண்டகாலப் பணம் முதலில் பள்ளிக்குப் போகட்டும். 2021 இறுதியில் முகாம்களில் மியான்மர் பாடத்திட்டம் தொடங்கப்பட்டது. பர்மிய மொழியில் படித்த பிள்ளை நாளைக்கு மியான்மரில் தன் சொந்த மாநிலமான ராக்கைனில் தன் வகுப்பைத் தொடரலாம். ஊருக்கான வழியை அடைக்காத உதவி என்று நான் சொல்வது இதைத்தான்.

கடலோரன்:
பள்ளி வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போதும் ராக்கைன் திறக்கவில்லை என்றால், படித்ததை வைத்து அவன் முகாமுக்குள் என்ன செய்வான் என்பதையும் சொல்லுங்கள்.