யார்க்கில் ஒரு நாள்: மனதை விட்டுப் போகாத ஒன்று

லீட்ஸ்வாசி:
இங்கிலாந்தின் யார்க் நகரத்துக்குப் போகாதவர்கள் இங்கே குறைவு, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன மார்ச்சில் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். காலையில் மின்ஸ்டர் என்கிற பெரிய தேவாலயம், அப்புறம் ஷாம்பிள்ஸ் என்ற பழைய தெரு, கடைசியில் மேட்டின்மேல் நிற்கும் கோட்டைக் கோபுரமான கிளிஃபர்ட்ஸ் டவர். மேடு முழுக்க டாஃபடில் பூத்து மஞ்சளாகக் கிடந்தது. எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தேன். மேட்டின் அடியில் ஒரு கல்வெட்டு இருக்கும் அல்லவா, அதன்மேல் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் இருந்தன. நான் அதைப் படிக்கவில்லை. பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மகளின் கோட்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு கல். கட்டைவிரல் நகம் அளவு, சாம்பல் நிறம், குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. "அங்க நிறைய இருந்துச்சும்மா, ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்" என்றாள். ஐந்து வயது. போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கி அப்போதுதான் கல்வெட்டைப் படித்தேன். 1190 மார்ச் 16. வெறிபிடித்த கூட்டத்துக்குப் பயந்து அந்தக் கல் கோபுரத்துக்குள் ஒதுங்கிய சுமார் 150 யூதர்கள் இறந்த இடம். மதத்தை விட மனமில்லாமல் ஒருவர் கையால் ஒருவர் உயிரை விட்டார்கள். இறந்தவர் நினைவாக யூதர்கள் கல் வைப்பார்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

யாரோ எங்கிருந்தோ வந்து வைத்துவிட்டுப் போன கல் இப்போது எங்கள் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. என்ன செய்வதென்று தெரியவில்லை.

பொன்மலைப்பிள்ளை:
எனக்கு யார்க் என்றால் ரயில்வே மியூசியம்தான். அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின் காலத்து ஆள். போன வருஷம் கூட்டிப் போனேன். அங்கே நிற்கும் மல்லார்ட், வேகத்துக்குப் பேர்போன நீராவி எஞ்சின், எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நீல எஞ்சின் முன்னால் எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் குனிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த ராடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வயதான தன்னார்வலர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. "வால்ஷார்ட்" என்று ஒரே சொல், கூடவே கையால் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டினார். அந்தப் பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. சிலிண்டருக்குள் நீராவி போய் வருவதை ஒழுங்குபடுத்தும் வால்வ் கியரின் பெயர் அது.

அப்புறம் அப்பா மூன்று விரலைக் காட்டி, நடு விரலைப் பிடித்து, "சூடு?" என்றார். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட ஓட்டத்தில், இந்த எஞ்சினின் மூன்று சிலிண்டரில் நடு சிலிண்டருக்கான பிக் எண்ட் பேரிங்தான், அதாவது ராடு அச்சோடு சேரும் இடத்துப் பேரிங்தான், சூடேறிக் கெட்டது. அப்பா அதை எங்கே எப்போது தெரிந்துகொண்டார் என்று எனக்குத் தெரியாது. பெரியவர் மூக்கைத் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார், நான்தான் மொழிபெயர்த்தேன்: பேரிங் சூடானால் வாசனை வந்து டிரைவரை எச்சரிக்க உள்ளே சோம்பு எண்ணெய் வைத்திருந்தார்களாம். "சோம்பா!" என்று அப்பா சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா ஜனவரியில் தவறிவிட்டார். அவர் வேலையைப் பற்றி நான் ஒரு நாள்கூட உட்கார்ந்து கேட்டதில்லை.

மதில்நடை:
லீட்ஸ் அக்கா, ஒரு திருத்தம். அவர்கள் ஒதுங்கியது இப்போது நிற்கிற கல் கோபுரத்தில் இல்லை. அன்றிருந்தது மரக் கோபுரம், அன்றே எரிந்துபோனது. கல்லில் கட்டியது 13ஆம் நூற்றாண்டில், மூன்றாம் ஹென்றி காலத்தில். தவிர, டாஃபடில் நடுவே படம் எடுத்ததற்கு வருத்தப்படாதீர்கள். அந்தப் பூக்கள் அவர்கள் நினைவாகவே நடப்பட்டவை. ஆறு இதழ், தாவீதின் நட்சத்திரத்துக்கு ஆறு முனை.

என் அனுபவம் சின்னது. மிக்கில்கேட் பார் என்ற பழைய நகர வாசலின் அடியில் நின்று சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 1460இல், அரியணைக்கு உரிமை கோரிய யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையைக் காகிதக் கிரீடத்தோடு மேலே குத்தி வைத்த வாசல் அது என்று பக்கத்தில் ஒருவர் தன் பேரனுக்குச் சொன்னார். அதற்குமேல் சாண்ட்விச் இறங்கவில்லை.

இனி போகிறவர்களுக்குச் சில விஷயம். ஊரைச் சுற்றியுள்ள பழைய மதில்மேல் நடப்பது இலவசம், மொத்தம் சுமார் 3.4 கிலோமீட்டர். நேரம் குறைவென்றால் பூத்தம் பாரில் ஏறி மங்க் பாரில் இறங்குங்கள், மின்ஸ்டரின் பின்பக்கமும் தோட்டங்களும் தெரியும். குழந்தைகளைக் கட்டாயம் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். உள்பக்கம் பல இடத்தில் கைப்பிடியே கிடையாது. இருட்டினால் பூட்டிவிடுவார்கள், பனி உறைந்த நாளிலும் திறக்க மாட்டார்கள். குழந்தைத் தள்ளுவண்டி ஏறாது. பெயர்க் குழப்பம் வேறு: இந்த ஊரில் 'கேட்' என்றால் தெரு, வைக்கிங் காலத்துச் சொல். 'பார்' என்றால்தான் கோட்டை வாசல். முதல்முறை ஸ்டோன்கேட் என்றதும் நான் கதவைத் தேடினேன். மின்ஸ்டரில் டிக்கெட் விலை அதிகம் என்று தோன்றினால் மாலையில் ஈவன்சாங் வழிபாட்டுக்குப் போங்கள், கட்டணம் இல்லை. ஆனால் அது வழிபாடு, போனை உள்ளே வையுங்கள்.

வடமராட்சி:
நானும் மின்ஸ்டரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தெற்குப் பக்கம் மேலே வட்டமாக ரோஜா ஜன்னல் இருக்கிறதே, அதற்குக் கீழே நின்றேன். 1984 ஜூலை 9 விடியற்காலையில், பெரும்பாலும் இடி விழுந்துதான் என்கிறார்கள், அந்தப் பக்கத்துக் கூரை முழுவதும் எரிந்து விழுந்தது. கண்ணாடி சுமார் 40,000 இடத்தில் வெடித்தும் கீழே கொட்டவில்லை. அதற்குச் சில வருஷம் முன்புதான் கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் ஈயச் சட்டங்களைப் புதுப்பித்திருந்தார்கள். நாலே வருஷத்தில், 1988இல், கூரையைத் திரும்பக் கட்டி முடித்தார்கள். புதுக் கூரையில் மரச் சட்டங்கள் சேரும் இடத்து முடிச்சுச் சிற்பங்களில் ஆறு, டிவி போட்டியில் பிள்ளைகள் வரைந்து அனுப்பியவை. ஒன்றில் நிலவில் மனிதன் நிற்கிறான்.

வழிகாட்டி அம்மா இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. 1981இல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தபோது எனக்குப் பத்து வயது. 97,000 புத்தகம். சாம்பல் பறந்து வந்ததை அம்மா சொல்லித் தெரியும். அவரிடம் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "ஆம் ஃப்ரம் ஜாஃப்னா" வரைக்கும் வந்தது, அதோடு நின்றுவிட்டேன். அவர் "லவ்லி" என்று சிரித்துவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனார். மூன்று வருஷமாக அந்த வசனத்தை மனதுக்குள் முடித்துப் பார்க்கிறேன்.

கரிசல்காடு:
வடமராட்சி அண்ணா, உங்கள் வலி புரிகிறது. ஆனால் மின்ஸ்டரில் மூண்ட தீயைப் பேசும்போது இன்னொரு தீயையும் சொல்ல வேண்டும். லீட்ஸ் அக்கா சொன்ன அந்த 1190 கொலை முடிந்த கையோடு கூட்டம் நேரே மின்ஸ்டருக்குத்தான் போனது. யூதர்களிடம் வாங்கிய கடன் பத்திரங்கள் அங்கேதான் இருந்தன. அவற்றை எடுத்து அங்கேயே கொளுத்தினார்கள். தலைமை தாங்கிய ரிச்சர்ட் மலெபீஸ் போன்றவர்களே கடன்காரர்கள். மதவெறி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறோம், கணக்கைச் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கோயிலுக்குள் அழகு பார்க்க மனம் வரவில்லை.

வடமராட்சி:
தம்பி, அந்தப் பழைய கோயில் இப்போது இல்லை. நீங்கள் பார்ப்பது 1220க்குப் பிறகு கட்டத் தொடங்கியது. பத்திரம் எரிந்தது உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் 1984 தீக்குப் பிறகு அந்தக் கூரையைத் திரும்பக் கட்டிய தச்சர்களிடமா அதைக் கேட்பது?

கரிசல்காடு:
தச்சரிடம் கேட்கவில்லை அண்ணா. அன்று உள்ளே சுற்றிக் காட்டியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான்.

லீட்ஸ்வாசி:
பொன்மலைத் தம்பி, அப்பா விஷயம் படித்து அழுதுவிட்டேன். எல்லோருக்கும் நன்றி. கல்லைத் தபாலில் திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வருகிற சனிக்கிழமை மகளோடு போகிறோம். அவளே வைக்கட்டும், எடுத்தவள் அவள்தானே. கல்லைப் பஞ்சு வைத்து மாத்திரை டப்பாவில் போட்டிருக்கிறேன். மழை விடாமல் பெய்கிறது, ஊஸ் ஆறு ஏறியிருக்கிறதாம். ஸ்டேஷனிலிருந்து ஆற்றோரம் போகாமல் எப்படிப் போவது?

மதில்நடை:
மிக்கில்கேட் வழியாக இறங்கி ஊஸ் பாலம் தாண்டுங்கள், அப்புறம் வலப்பக்கம் காஸில்கேட். நேரே மேட்டடியில் கொண்டுபோய் விடும். குழந்தையோடு 25 நிமிஷம் வையுங்கள். கல்வெட்டு கீழேதான், டிக்கெட் வேண்டாம்.