கூப்பிட்டது என் அப்பா பெயரை: கிரீன் கார்டு நேர்காணலுக்கு முன்

அமெரிக்காவில் கிரீன் கார்டு நேர்காணலுக்குத் தேதி வந்துவிட்டது, என்ன படிக்க வேண்டும் என்று நம்ம ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள். நீங்கள் நிரப்பிக் கொடுத்த கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 படிவத்தைத் தவிர படிக்க ஒன்றும் இல்லை மக்கா. வலது கையை உயர்த்தச் சொல்லி உறுதிமொழி வாங்கிவிட்டு, அதிகாரி பெரும்பாலும் அதில் உள்ளதைத்தான் கேட்டுச் சரிபார்ப்பார். அதன் நகலை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் போங்கள்.

என் நேர்காணல் அன்று, காத்திருக்கும் அறையில் என் அப்பா பெயரைக் கூப்பிட்டார்கள். நாகர்கோவிலில் வீட்டில் இருக்கிற மனிதரை இங்கே யார் தேடுகிறார்கள் என்று நான் உட்கார்ந்தே இருந்தேன். இனிஷியலை விரித்து பாஸ்போர்ட் எடுத்தபோது அப்பா பெயர் சர்நேமாகிவிட்டது, மறந்தே போயிருந்தேன்.

நம் ஆவணங்களில் வரும் சிக்கல் பாதி இந்த வகைதான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், சர்ச்சில் கொடுத்த கல்யாணச் சான்றில் ஞானஸ்நானப் பெயர். பிரசவம் நெய்யூரில், பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் நாகர்கோவில். எது எங்கே மாறுகிறது என்று முன்னாடியே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் கேட்கும்போது திணற மாட்டீர்கள். தேதியையும் பாருங்கள். நமக்கு ஆகஸ்ட் 5 ஆன 05/08, இங்கே மே 8.

அப்பா அம்மாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு வேலை கூடுதல். குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்று. அதற்கு முந்தைய தாள்கள் சில வீடுகளில் மலையாளத்தில், மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். 1128 என்றிருந்தால் அது 1952 ஆகஸ்ட் நடுவிலிருந்து மறு ஆகஸ்ட் நடு வரை. மலையாளமோ தமிழோ, முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். அது முழுமையானது, சரியானது, மொழிபெயர்க்கும் தகுதி தனக்கு உண்டு என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும், நோட்டரி கட்டாயமில்லை. பிறப்பே பதிவாகவில்லை என்றால், பதிவு இல்லை என்ற சான்றை ஊரில் வாங்கி, விவரம் தெரிந்த மூத்த உறவினர்களின் பிரமாணப் பத்திரத்தோடு வையுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் ஊரில் ஆபீஸ் ஆபீஸாக அலைய ஆள் கிடைக்காது.

கேள்விக்குத் தலையாட்டாதீர்கள். நம்ம 'ஆமாம்' ஆட்டு அவர்களுக்கு 'இல்லை' மாதிரி தெரியும், வாயால் சொல்லுங்கள். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இல்லை என்றே சொல்லலாம். வரப்புத் தகராறில் எப்போதோ போலீஸ் கேஸ் இருந்தால் மறைக்காமல் முதலிலேயே வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் மொழிபெயர்ப்பவரை நாமே கூட்டிப்போக வேண்டும். பெற்ற பிள்ளையே மொழிபெயர்ப்பதை அதிகாரி ஏற்காமல் போகலாம். வெளி ஆளைப் பிடிக்கும்போது ஊர்ப்பக்கத்து ஆளாகப் பாருங்கள். குமரி மாவட்டத்து விளவங்கோடு பக்கத்துப் பேச்சு சென்னைக்காரருக்குப் பாதிதான் பிடிபடும்.