லடாக் மேய்ச்சக்காட்டு சரளை மண்ணு: கால் வெச்சவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

பின்சீட்டு:
எல்லாரும் லடாக் போயிட்டு வந்து ஏரி கலரப் பத்தியே பேசறீங்க, எனக்கு ஏரியெல்லாம் பாதி மறந்தே போச்சு, ஒரு செடிதான் மண்டைக்குள்ள நிக்குது. ஸோ மோரிரி ஏரிக்குப் போற வழி, பூகா வெந்நீர் ஊத்து தாண்டி வண்டிய நிப்பாட்டி டீ போடலாம்னா குளிருக்கு கேஸ் ஸ்டவ் சரியா பிடிக்கல. சுத்திலும் வெறும் சரளை, நாலடிக்கு ஒண்ணா சாம்பல் கலர்ல ஒரு ஜாண் உசரத்துக்கு செடி. செத்துப்போன குச்சின்னு நெனச்சு அடுப்புக்கு ஒண்ண இழுத்தேன். வரல. ரெண்டு கையால பிடிச்சு காலை ஊணி இழுத்ததும் வந்துச்சு பாருங்க வேரு, கட்டைவெரல் தடிமன், என் முழங்கையவிட நீளம், அதுவும் முழுசா வரல, நடுவுல அறுந்துதான் வந்துச்சு. அறுந்த எடத்துல ஈரம். கிள்ளிப் பார்த்தா மரிக்கொழுந்து வாசனை, சத்தியமா. அப்ப எங்கேருந்து வந்தாங்கன்னே தெரியல, ஆடு ஓட்டிக்கிட்டு ஒரு சாங்பா பாட்டி (அங்க கூடாரம் போட்டு ஆடு மேய்க்கிற ஜனங்க), என் கையிலேருந்து அத வாங்கி, வேர்ல இருந்த கல்லையெல்லாம் தட்டி உதறிட்டு முதுகுக் கூடையில போட்டுக்கிட்டாங்க. டிரைவர்கிட்ட ஏதோ நாலு வார்த்தை. என்ன சொல்றாங்கன்னு கேட்டா "குச் நஹி சார்"னு சிரிக்கிறான். இன்னிக்கு வரைக்கும் என்ன சொன்னாங்கன்னு தெரியாது.

புல்லட்_பிரியன்:
அண்ணே அங்க மண்ணுன்னு ஒண்ணு இருந்தாத்தானே, அது சுத்தமான ஜல்லி. நாங்க ஸோ கார் ஏரிப் பக்கம் டென்ட் அடிக்கப் போயி எட்டு ஆணில அஞ்சு வளைஞ்சுபோச்சு, கடைசில பெரிய கல்லுல கயிறு கட்டித்தான் தூங்குனோம். பாத்திரம் கழுவுன தண்ணி ஒரு வாளி ஊத்துனேன், நான் வாளிய கீழ வெக்கிறதுக்குள்ள காணோம். நம்ம ஊர்ல பைப்படில ஊத்துனா அரைமணிநேரம் சேறா கிடக்கும். அங்க உள்ள போன சத்தம்கூட கேட்ட மாதிரி இருந்துச்சு, பிரமையா இருக்கலாம், ஆக்ஸிஜன் கம்மி. டிப்ஸ்: ஆணி எடுத்துட்டுப் போகாதீங்க, நல்ல கயிறு எடுத்துட்டுப் போங்க.

மண்ணாங்கட்டி:
ஜல்லின்னு சொல்லிட்டுப் போயிராதீங்க சகோ, கோவம் வருது. நான் மண்ணியல் படிச்சவன், ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஹான்லே பக்கம் சாம்பிள் எடுக்கப் போனேன். அந்த நட்சத்திர டெலஸ்கோப் இருக்கிற குன்று தெரியும் அங்கேருந்து, ஏறக்குறைய 4,500 மீட்டர் உசரம். துளை போடுற ஆகர் கொண்டுபோயிருந்தோம், ஒரு சாண் இறங்கறதுக்குள்ள கல்லுல மாட்டி நின்னுபோச்சு, அப்பறம் கடப்பாரைதான். நாலு குத்து குத்துனா அஞ்சு நிமிஷம் உக்காந்து மூச்சு வாங்கணும். மேல ஒரே அடுக்கா கல்லு, பொடி மண்ணையெல்லாம் காத்து அள்ளிட்டுப் போக கனமானது மட்டும் தங்கி தளவரிசை போட்ட மாதிரி இருக்கும். அதுக்கு அடியில மணலும் பொடியும் கலந்த மண்ணு கண்டிப்பா இருக்கு, நீங்க ஊத்துன தண்ணி போனது அங்கதான். மேல இருக்கிற கல்லு மூடாக்கு மாதிரி வேலை செய்யுது, உள்ள இறங்குன ஈரம் சட்டுனு ஆவியாகாது, அதனாலதான் பின்சீட்டு பிடுங்குன வேர்ல ஈரம்.

என்னால மறக்க முடியாதது ஒரு கல்லு. குழியிலேருந்து எடுத்த ஒரு கூழாங்கல்ல சும்மா திருப்பிப் பார்த்தேன், மேல்பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் மட்டும் சுவத்துக்கு அடிச்ச மாதிரி வெள்ளை. நீர்த்த ஆசிட் ரெண்டு சொட்டு விட்டதும் புஸ்ஸுன்னு நுரைச்சுது. சுண்ணாம்பு. உருகுன பனித் தண்ணி கல்லுமேல வழிஞ்சு அடிப்பக்கத்துல தொங்கி நிக்கும், அங்கயே காயும், கொண்டுவந்த சுண்ணாம்ப அங்கயே விட்டுரும். இப்படி மெல்லிசா படிஞ்சு படிஞ்சு அந்தக் கனம் வர எத்தனை நூறு வருஷம் ஆகியிருக்கும், அத்தனை வருஷமும் அந்தக் கல்லு புரளாம அப்படியே கிடந்திருக்கு. நான் போய் கடப்பாரையால புரட்டிட்டேன்.

இன்னொண்ணு, யாரும் கேக்கல ஆனா சொல்றேன், இந்த மாதிரி மண்ண டெஸ்டுக்கு அனுப்புறவங்க கவனிங்க. லேப்ல 2 மில்லிமீட்டர் சல்லடையில சலிச்சு கீழ விழறத மட்டும்தான் டெஸ்ட் பண்ணுவாங்க, அதுக்கு மேல 75 மில்லிமீட்டர் வரைக்கும் சரளைக் கணக்கு, குப்பையில போயிரும். எங்களுக்கு ஒரு லேப்லேருந்து வந்த ரிப்போர்ட்ல சத்தெல்லாம் சுமாரா நல்லாவே இருந்துச்சு, சாரே சந்தோஷப்பட்டாரு. ஆனா குழியில பாதி கல்லு, அப்ப சத்தும் பாதிதானே, தண்ணி பிடிக்கிற அளவும் பாதிதானே, அத யாரு கழிக்கிறது? கனஅளவுல 35 சதவீதத்துக்கு மேல கல்லு இருந்தாலே எலும்புக்கூடு மண்ணுங்கிற அர்த்தத்துல ஸ்கெலிட்டல்னு தனியா பேரு வெச்சிருக்காங்க. அதனால கல்லையும் எடை போடுங்க, ஆழம் எழுதுங்க, போட்டோ எடுங்க, சாக்குப்பைய ரெண்டா போடுங்க, ஒண்ணு கிழிஞ்சிரும்.

நீலமலை_வாசி:
இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம், எங்க அவலாஞ்சி புல்வெளியும் இதே கதைதானே. டிசம்பர் ஜனவரில காலைல போங்க, புல்லெல்லாம் உறைபனில வெள்ளை, செருப்புக் கால்ல நடந்தா நறநறன்னு நொறுங்கும். மழை பெஞ்சாலும் சரிவுல தண்ணி நிக்காது. ஒருதடவ எங்க எருமை அந்தப் பனிப்புல்ல மேய்ஞ்சிட்டு ரெண்டு நாள் வயிறு உப்பி... சரி அது வேற கதை.

மண்ணாங்கட்டி:
நீலமலை சகோ, தப்பா எடுத்துக்காதீங்க, ரெண்டுக்கும் ஏணி வெச்சாலும் எட்டாது. உங்க மண்ணு கறுப்பா, ஆழமா, மக்கு நிறைஞ்சு, புளிப்புத் தன்மை. அங்க இருக்கிறது வெளிர் நிறம், சுண்ணாம்பு, மக்குங்கிறதே பேருக்குத்தான், குளிர்ல செடி கம்மி, இருக்கிற செடியும் லேசுல மக்காது. அவலாஞ்சில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் கொட்டுச்சு ஞாபகம் இருக்கா, லே ஊருக்கு மழை பனி எல்லாம் சேர்த்து வருஷத்துக்கே சுமார் 10 சென்டிமீட்டர்தான். உங்க ஒரு நாள் அவங்களுக்கு எட்டு வருஷம்.

நீலமலை_வாசி:
குளிருன்னா குளிருதான் சகோ. எருமைக்கு வந்த வயித்துவலி லடாக்ல வராதா?

கிடைக்காரன்_பேரன்:
எருமைய விடுங்கய்யா, ஆட்டப் பத்தி நான் பேசறேன். எங்க தாத்தா கீதாரி, சிவகங்கைப் பக்கம், வருஷத்துல பாதி நாளு கிடையோடயே அலைஞ்ச மனுசன். அதனால ஸோ மோரிரி கரையில இருக்கிற கோர்சோக் ஊர்ல இறங்குனதும் எல்லாரும் மடாலயம் பார்க்கப் போக நான் பட்டியத் தேடிப் போனேன். கல்ல அடுக்கி இடுப்பு உசரத்துக்கு வட்டமா கட்டியிருக்காங்க, பஷ்மினா ஆடு, இருநூறு உருப்படி இருக்கும். கீழ ஓடையோரம் பச்சைப் பசேல்னு கோரைப்புல்லு மெத்தை மாதிரி கிடக்கு, பட்டி அங்க இல்ல, மேல சரளை மேட்டுல இருக்கு. எனக்கு அத பார்த்ததும் சிலிர்த்துருச்சு, ஏன்னா எங்க தாத்தாவும் மேட்டாங்காடு கிடைச்சாத்தான் நிம்மதியா தூங்குவாரு, ஈரத்துல படுத்த ஆட்டுக்கு குளம்பு அழுகிரும்னு. அங்க ராத்திரி அந்தப் பச்சைத் தரை உறைஞ்சு பாளமா ஆயிரும், சரளைமேடு காஞ்சே இருக்கும். காலைல முதல்ல மேட்டுச் சரிவுல மேய விட்டுட்டு வெயில் ஏறுனப்பறம்தான் கீழ இறக்குனாங்க. நான் போன மூணு நாளும் அப்படித்தான், எப்பவுமே அப்படியான்னு தெரியாது.

ஒண்ணு மட்டும் மனசுக்கு ஒரு மாதிரி ஆச்சு. நம்ம ஊர்ல கிடை போடறதே புழுக்கைக்கும் மூத்திரத்துக்கும்தான், காட்டுக்காரன் காசு குடுத்துக் கூப்பிடுவான். அங்க மரமே கிடையாதே, புழுக்கையக் காயவெச்சு அடுப்புக்கு எடுத்துருவாங்க, மண்ணுக்கு என்ன திரும்பிப் போகும்? நான் கேக்கல, கேக்க எனக்கு என்ன யோக்கியதை, கூடாரத்துக்குள்ள அந்த நெருப்புல காய்ச்சுன உப்பு வெண்ணெய் டீய மூணு கிண்ணம் குடிச்சிட்டு வந்தவன்தானே நானும். பின்சீட்டு அண்ணே, அந்தப் பாட்டி திட்டியிருக்க மாட்டாங்க, அடுப்புக்கு ஆச்சுன்னு சொல்லியிருப்பாங்க.

பழைய_ஹவில்தார்:
தம்பிகளா, தண்ணி நிக்காது தண்ணி நிக்காதுன்னு ஆளாளுக்கு சொல்றீங்க. 2010 ஆகஸ்ட் 5 ராத்திரி நான் லேல இருந்தேன். மழையே பெய்யாத ஊருன்னுதான் எல்லா வீட்டுக்கும் மண்ணுக் கூரை. நடுராத்திரி வாக்குல மலைப் பக்கமிருந்து ஒரு சத்தம், நூறு டிப்பர் லாரி ஒரே நேரத்துல ஜல்லி கொட்டுனா எப்படி இருக்கும், அது. வந்தது தண்ணியில்ல, சேறும் பாறையும் கலந்த கூழு. பஸ் ஸ்டாண்டு, பக்கத்துல இருக்கிற சோக்லம்சர் ஊரு எல்லாம் போச்சு, 200 பேருக்கு மேல செத்தாங்க. காலைல ஒரு வீட்டு வாசல்ல நிலைப்படி மட்டும் நின்னுச்சு, சரளை ஜன்னல் உசரத்துக்கு. கைலதான் அள்ளுனோம், மண்வெட்டி போட பயம், உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியாது. மெதுவா வர்ற பனித்தண்ணியத்தான் அந்த மண்ணு குடிக்கும், மொத்தமா கொட்டுனா சரிவையே கூட்டிக்கிட்டு இறங்கிரும், பிடிச்சு நிறுத்த வேரு எங்க இருக்கு?

மண்ணாங்கட்டி தம்பி ஒண்ண விட்டுட்டாரு, சரளைல நல்லதும் உண்டு. ஓடையோரம் வண்டல்ல நட்ட இரும்புக் கம்பம் ஒரு குளிர்காலம் தாண்டுனா ஒரு சாண் மேல எழும்பி சாய்ஞ்சு நிக்கும், அடியில தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி ஐஸ் கட்டி தூக்கி விட்டுரும். சரளைல நட்டது ஆடாது, உறிய தண்ணியே இல்லியே. ஷெட்டு போடறதுன்னா நாங்க மொதல்ல காலால தரையக் கீறிப் பார்ப்போம்.

புல்லட்_பிரியன்:
ஹவில்தார் அண்ணே, சாரி. ஜல்லின்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா டென்ட் ஆணி விஷயத்துல நான் சொன்னது சரிதான்.

பின்சீட்டு:
மண்ணாங்கட்டி, உங்க கல்லு கதைய படிச்சிட்டு பாதில எழுந்து போனேன். அன்னிக்கு அந்தச் செடி இருந்த குழியிலேருந்து ஒரு கல்ல பாக்கெட்ல போட்டுட்டு வந்திருந்தேன், ஞாபகத்துக்குன்னு. டிவி ஸ்டாண்டுல நாலு வருஷமா இருக்கு. வெள்ளைப் பக்கம் மேல. வீட்ல ஏதோ கறைன்னு நெனச்சு போன பொங்கலுக்கு பிரஷ் போட்டு தேய்ச்சாங்களாம், போகலையாம். இப்பத்தான் திருப்பி வெச்சேன்.