பத்து இருபது ரூபாய் மிச்சப்படுத்த அலைவது வீண் வேலையா?

உறையூர்க்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திருச்சி உறையூரில் இருக்கிறோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று வீட்டில் ஐந்து பேர், ஒரே சம்பளம். மளிகை, காய்கறி, பால், சோப்பு எல்லாம் சேர்த்து போன வருடம் 12,000 ரூபாயில் முடிந்தது, இப்போது 14,000 வரை இழுக்கிறது. கூடுதலாக எதையும் வாங்கவில்லை, அதே சாமான்கள்தான்.

அதனால் மூன்று மாதமாக எதை எங்கே வாங்கினால் குறையும் என்று பார்த்துப் பார்த்து வாங்குகிறேன். காய்கறிக்கு ஸ்கூட்டரில் காந்தி மார்க்கெட் வரைக்கும் போகிறேன், போக வர பத்து கிலோமீட்டர் ஆகிவிடும். பருப்பு ஒரு கடையில், எண்ணெய் இன்னொரு கடையில். ஷாம்பு, சலவைத் தூள் எல்லாம் பெரிய பாக்கெட்டாக வாங்கினால் லாபம் என்று அப்படியே வாங்குகிறேன். கணவர் "பத்து ரூபாய்க்காக இந்த அலைச்சல் தேவையா, உடம்புதான் கெடும்" என்கிறார். கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் 300 ரூபாய்கூடக் குறையவில்லை, அதுதான் மனதைச் சோர வைக்கிறது.

உங்கள் வீட்டில் உண்மையாகவே எதில் காசு நிற்கிறது என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்கா மாதம் 500 ரூபாய் கட்டும் தீபாவளிச் சீட்டில் சேரச் சொல்கிறார், 12 மாதம் கட்டினால் மளிகை, பலகாரம், பட்டாசு எல்லாம் தருவார்களாம். சேரலாமா?

கணக்குநோட்டு:

சகோதரி, முதலில் அந்த மார்க்கெட் பயணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கிறது, பெட்ரோல் நூறு ரூபாய் என்று வைத்தால் பத்து கிலோமீட்டருக்கு 22 ரூபாய் போகிறது. வாரம் இரண்டு தடவை போனால் மாதம் 180 ரூபாயை வண்டியே குடித்துவிடும். உறையூரிலிருந்து தென்னூர் உழவர் சந்தை இதைவிடப் பக்கம்தானே? அங்கே விவசாயிகளே கொண்டு வந்து விற்கிறார்கள், மொத்த விலைக்கும் கடை விலைக்கும் நடுவில் அன்றன்று விலை வைத்துப் பலகையில் எழுதிப் போடுவார்கள். வாரம் ஒரு தடவை காலையிலேயே போய்விட்டு வந்தால் போதும். 1999இல் மதுரையில் முதல் சந்தை திறந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டில் காய் அங்கேதான், விலைப் பலகையைப் பார்த்துக்கொண்டே பை நிரப்பும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது.

அடுத்து பெரிய பாக்கெட். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். விலையை மட்டும் பார்க்காதீர்கள், ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை என்று பாருங்கள். இப்போது பாக்கெட்டிலேயே அதை அச்சடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எம்.ஆர்.பி. பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஷாம்பு விஷயத்தில் நம் ஊரில் எல்லாம் தலைகீழ். நான் வாங்கும் ஒரு ரூபாய் பாக்கெட்டில் 5 மில்லி இருக்கிறது, அதாவது மில்லி 20 பைசா. அதே ஷாம்பு பாட்டிலில் வாங்கினால் மில்லிக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. பாட்டிலைக் கவிழ்த்தால் பிள்ளைகள் கை நிறைய ஊற்றிக்கொள்வார்கள் என்பது வேறு. (அந்தச் சின்னப் பாக்கெட் குப்பை எனக்கும் பிடிக்கவில்லை, எங்கள் வீட்டில் பாதி நாள் சீயக்காய்தான்.) சலவைத் தூளில் பெரும்பாலும் பெரிய பாக்கெட்தான் குறையும், ஆனால் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

எண்ணெய் இதைவிட முக்கியம். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை. கடையில் அதே அளவு தெரியும் பாக்கெட்டில் 850 கிராமும் வருகிறது. 910 கிராம் 150 ரூபாய், 850 கிராம் 145 ரூபாய் என்றால் ஐந்து ரூபாய் லாபம் என்று கை தானாக இரண்டாவதை எடுக்கும். கணக்குப் போட்டால் முதல் பாக்கெட் கிராம் பதினாறரைப் பைசா, இரண்டாவது பதினேழுக்கு மேல். மாதம் நாலைந்து பாக்கெட் வாங்கும் வீட்டில் வருடம் முழுக்க இது ஓடிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக ஒன்று, ரேஷனைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லையே. மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளி விலையோடு வைத்துப் பார்த்தால் இந்த இரண்டிலேயே மாதம் 150 ரூபாய்க்குக் குறையாமல் நிற்கும்.

செட்டிகுளத்து அம்மா:

கண்ணு, உன் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. தினம் தினம் கடை கடையாக அலையாதே, அலைய வேண்டியது வருடத்தில் ஒரு தடவை. மாசி, பங்குனியில் புளியும் மிளகாய் வற்றலும் மல்லியும் புதுசாக வந்து இறங்கும், அப்போது வருடத்துக்கானதை வாங்கிப் போட்டுவிடு. என் மாமியார் வீட்டில் அப்படித்தான், எனக்கு இப்போது அறுபத்திரண்டு வயது, நானும் அதை விடவில்லை.

புளியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொட்டைப் புளி விலை குறைவு என்று எல்லோரும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு கிலோவைத் தட்டிக் கொட்டையும் நாரும் எடுத்தால் 600, 650 கிராம்தான் நிற்கும். கிலோ 100 ரூபாய் என்றால் சுத்தம் செய்த புளி உனக்கு 155லிருந்து 165 ரூபாய் விழுகிறது. கொட்டை எடுத்ததே 160க்குக் கிடைத்தால் வெயிலில் உட்கார்ந்து தட்ட வேண்டிய அவசியமே இல்லை. 200 சொன்னால் தட்டலாம். வாங்கியதை நன்றாகக் காய வைத்து, கல் உப்பு தூவி, ஜாடியில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசி வரைக்கும் கருக்காமல் இருக்கும்.

பருப்பையும் ஒரு நாள் நல்ல வெயிலில் போட்டு, சூடு ஆறிய பிறகு டப்பாவில் அடை. சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூச்சி வரும். நாலு மிளகாய் வற்றலோ ஒரு துண்டு வசம்போ போட்டு வை. அரிசிக்கு வேப்பிலை. ரவையை வாங்கிய அன்றே வறுத்து வைத்துவிடு. மூன்று மாதத்தில் வண்டு விழுந்து ஒரு கிலோ பருப்பைக் கொட்டினால், நீ பத்துப் பத்தாகச் சேர்த்த காசு அப்படியே போச்சு.

சின்ன வெங்காயத்துக்கு நான் சொல்வதைக் கேள், எங்கள் ஊர்ச் சரக்கு அது. ஈரத்தோடு வரும் புது வெங்காயம் மலிவாக இருக்கும், வீட்டுக்கு வந்து பத்து நாளில் எடையும் குறையும், அழுகவும் செய்யும். தோல் சலசலவென்று காய்ந்திருக்க வேண்டும், காம்புப் பக்கம் அமுக்கினால் கெட்டியாக இருக்க வேண்டும். காட்டில் பட்டறை போட்டுக் காற்றோட்டமாக வைத்திருந்த வெங்காயம் கிலோவுக்கு ஐந்து பத்து கூடக் கேட்டாலும் அதையே வாங்கு. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதே, மூங்கில் கூடையில் பரப்பி வை.

தக்காளி மலிந்து கிடக்கும் நாளில் ஐந்து கிலோ வாங்கித் தொக்குப் போட்டு வைப்பேன், கொஞ்சம் அரிந்து உப்புப் போட்டு வற்றலும் ஆக்குவேன். 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டிப் போனதே, அந்த மாதம் எங்கள் வீட்டில் குழம்புக்கு வற்றலும் புளியும்தான் ஓடியது.

கரூர் தம்பி:

அக்கா, சீட்டு மட்டும் வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு கடையில் அம்மா மாதம் 500 கட்டினார், பதினொரு மாதம் கட்டிய பிறகு புரட்டாசியில் கடையைப் பூட்டிவிட்டார்கள். கையில் இருந்தது ஒரு அட்டையும் அதில் பேனாவால் போட்ட டிக் குறிகளும்தான். ரசீது கிடையாது, எழுத்தில் எதுவும் கிடையாது, யாரிடம் போய்க் கேட்பது? 5,500 ரூபாய். அம்மா தையல் தைத்துச் சேர்த்த காசு, இன்னும் அதை நினைத்து வருத்தப்படுகிறார். வங்கியில் 12 மாதத்துக்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள், அதே 500 தான். தீபாவளிக்கு முந்தின மாதம் முடிகிற மாதிரி ஆரம்பித்தால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிடித்த கடையில் பேரம் பேசி வாங்கலாம்.

மணப்பாறைக் கடைக்காரர்:

சின்னதாக மளிகைக் கடை நடத்துகிறேன், கவுன்டருக்கு இந்தப் பக்கம் இருந்து சொல்கிறேன். பருப்பு ஒரு இடம், எண்ணெய் ஒரு இடம் என்று பிரித்து வாங்கினால் எந்தக் கடைக்காரருக்கும் நீங்கள் வாடிக்கையாளர் இல்லை. மாதச் சாமானுக்கு ஒரே சீட்டாக எழுதிக் கொடுத்து, ரொக்கமாகக் கட்டுகிறேன், என்ன குறைப்பீர்கள் என்று கேளுங்கள். எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற வரம்புதான், அந்த விலைக்கே விற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எண்ணெய், சோப்பு, டீத்தூள் இவற்றில் எங்களால் குறைக்க முடியும், கேட்கிறவர்களுக்குக் குறைக்கிறோம். எம்.ஆர்.பி.க்கு மேல் யாராவது கேட்டால் 1915க்குப் போன் செய்யுங்கள், அது நுகர்வோர் உதவி எண்.

அரிசி மூட்டை வாங்குகிறவர்கள் 26 கிலோ மூட்டையாகக் கேளுங்கள். 2022 ஜூலையிலிருந்து 25 கிலோ வரை பையில் அடைத்த அரிசிக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. இருக்கிறது, 25ஐத் தாண்டினால் இல்லை. ஆலைகள் 26 கிலோ போடுவது அதற்காகத்தான். 1,500 ரூபாய் மூட்டையில் இது 70 ரூபாய். உதிரியாக எடை போட்டு வாங்கினாலும் அந்த வரி இல்லை, ஆனால் தட்டை வைக்கும் முன்னால் தராசில் பூஜ்யம் நிற்கிறதா என்று பாருங்கள், பார்த்தால் நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் ஒன்று, அரிசியிலும் உளுந்திலும் கிலோ விலையை மட்டும் பார்க்காதீர்கள், எவ்வளவு காணும் என்று பாருங்கள். பழைய அரிசி கிலோவுக்கு மூன்று நாலு ரூபாய் கூட இருக்கும், ஆனால் சோறு காணும். உளுந்து நேர் மாறு, புது உளுந்துதான் மாவு காணும். பழைய உளுந்தை மலிவு என்று வாங்கிப் போய், மாவு பொங்கவில்லை, கூட ஒரு கை போட்டு அரைத்தேன் என்று திரும்பி வந்து சொல்லும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். உளுந்து எப்போது வந்த சரக்கு என்று கேட்டு வாங்குங்கள், மறைக்காமல் சொல்வோம்.

உறையூர்க்காரி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சீட்டு வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன், தம்பி எழுதியதை அவருக்கும் படித்துக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு அதே அக்காவும் நானும் ஒரே வண்டியில் தென்னூர் சந்தைக்குப் போய்விட்டு வந்தோம். வாரக் காய் 340 ரூபாயில் முடிந்தது, போன வாரம் இரண்டு தடவை மார்க்கெட் போனதில் பெட்ரோல் போக 410 ஆகியிருந்தது. வீட்டில் இருந்த எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன், 850 கிராம். இரண்டு வருடமாக அதைத்தான் வாங்கிக்கொண்டிருக்கிறேன், ஒரு தடவைகூடத் திருப்பிப் படித்ததில்லை. கணவரிடம் காட்டியதும் அவரே மற்ற பாக்கெட்டுகளையும் எடுத்து வந்து போனில் வகுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ரேஷன் விஷயத்தில், எங்களுடையது அரிசி அட்டைதான், சுமக்க ஆள் இல்லை என்று விட்டிருந்தோம். இந்த மாதம் பருப்பும் எண்ணெயும் வாங்கி வந்துவிட்டேன். செட்டிகுளத்து அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும்: இங்கே மாடி வெயில் கிடையாது, பால்கனியில் இரண்டு மணி நேரம்தான் வெயில் விழும். அதில் பருப்பை இரண்டு மூன்று நாள் சேர்த்துக் காய வைத்தால் போதுமா, இல்லை வெறும் வாணலியில் லேசாகச் சூடு காட்டி வைக்கலாமா?

செட்டிகுளத்து அம்மா:

வாணலியே போதும் கண்ணு. கை பொறுக்கும் சூடு வந்ததும் இறக்கிவிடு, சிவக்க விடாதே. துணியில் பரப்பி ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் டப்பாவில் போடு.