பொருள்: மருந்தாளுநரே தரும் ப்ரெப், பெப் – ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

கலிஃபோர்னியாவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடி-கால் பயனாளிகளுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் ப்ரெப், பெப் மருந்துகளை மருத்துவரிடம் போகாமல் மருந்தாளுநரிடமே பெறலாம், செலவைக் காப்பீடு ஏற்கும் என்பதுதான் செய்தி. 'மருந்தாளுநர் வழங்கும் எச்.ஐ.வி. தடுப்புப் பராமரிப்பு' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பத்தியிலும் இதையே எழுதினால் தாள் பத்தாது. சுருக்கமாக ஏதாவது?

– மீ.

*

> சுருக்கமாக ஏதாவது?

'மருந்துக்கடைத் தடுப்பு' போதுமே அம்மா. ப்ரெப் 'முன்காப்பு', பெப் 'பின்காப்பு'.

– செ.

*

> ப்ரெப் 'முன்காப்பு', பெப் 'பின்காப்பு'.

செ. ஐயா, காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுத்த வரியே காப்பீட்டைப் பற்றியது. 'முன்காப்புக்குக் காப்பீடு உண்டு' என்று படிப்பவர் தலையைச் சொறிவார். கடையில் போய்க் கேட்கிறவர் வாயில் ப்ரெப், பெப் என்ற பெயர்கள்தான் வரவேண்டும். அவை அப்படியே இருக்கட்டும். ஆபத்து நேருமுன்பே எடுத்துவருவது ப்ரெப். நேர்ந்தபின் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுப்பது பெப் என்று முதல் தடவை மட்டும் விளக்கிவிடலாம்.

'மருந்துக்கடை'யைத்தான் நான் ஒப்பமாட்டேன். கடை என்றதும் மாத்திரையும் விலையும் மட்டும் நினைவுக்கு வரும். அங்கே இழுபறியாகக் கிடந்த கேள்வியோ மருந்தாளுநர் பார்க்கும் வேலைக்கு யார் பணம் கொடுப்பது என்பது.

வேலை கொஞ்சநஞ்சமில்லை. ப்ரெப் கேட்டு வருபவருக்குக் கடந்த 7 நாளுக்குள் எச்.ஐ.வி. இல்லை என்ற பரிசோதனை முடிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். காய்ச்சல், நெறிகட்டல் என்று புதுத் தொற்றின் அறிகுறி ஏதும் உண்டா என விசாரிக்க வேண்டும். சிறுநீரகம் எப்படி, ஹெபடைடிஸ் பி உண்டா, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார், நாள் தவறாமல் மாத்திரை எடுப்பாரா? அப்புறம் எல்லாவற்றையும் பதிந்து அவருடைய மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும். பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கும்போது பேசக்கூடிய பேச்சா இது?

மருந்தாளுநர் சேவைக்கு மெடி-கால் பணம் தரும், மருத்துவர் கட்டணத்தில் 85 சதவீதம் என்று 2016-ல் ஒரு சட்டம் வந்தது. 2019-ல் 159ஆம் எண் செனட் மசோதா மருத்துவர் சீட்டில்லாமல் ப்ரெப், பெப் தர மருந்தாளுநருக்கு உரிமை கொடுத்து, இரண்டையும் அந்தச் சேவைப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ப்ரெப் 60 நாளுக்குத்தான், அதுவும் ஒருவருக்கு இரண்டு ஆண்டில் ஒரு முறைதான். தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் மருந்தாளுநரின் வேலைக்குப் பணம் தரவேண்டும் என்ற கட்டாயமும் அதில் இல்லை. உரிமை கிடைத்தது, தனியார் பக்கம் கூலிக்கு உறுதி இல்லை. மிகச் சில கடைகளே இறங்கின. 2024-ல் வந்த 339ஆம் எண் சட்டம் ப்ரெப்பை 90 நாளாக்கி, நிபந்தனைகளோடு அதற்கு மேலும் தர வழிவிட்டது. மருந்தாளுநரின் சேவை, அவர் எழுதும் பரிசோதனை இரண்டின் செலவையும் காப்பீடு ஏற்கவேண்டும் என்றது.

இந்தச் சட்டங்களில் மருந்தாளுநரின் செயலுக்கு வரும் வினை 'ஃபர்னிஷ்'. மருத்துவர் பரிந்துரைப்பதும் இல்லை, சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுப்பதும் இல்லை. தானே விசாரித்து, தானே முடிவெடுத்துத் தருவது. இதற்கு 'நேர்வழங்கல்' என்கிறேன். நேர்வழங்கல் கட்டணம், நேர்வழங்கும் மருந்தாளுநர் என்று நீட்டவும் வளைந்துகொடுக்கும். நோயின் பெயர் சொல்லில் இல்லாததும் நல்லதே. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்தவர்கள் அதைச் சரியாகப் பிடித்தார்கள்.

– வே.

*

> இதற்கு 'நேர்வழங்கல்' என்கிறேன்.

வே., 'வழங்கல்' என்றாலே எனக்குக் குடிமைப்பொருள் வழங்கல் துறைதான். ரேஷன் கடையில் மூட்டை பிரிப்பது மாதிரி. நீங்கள் இவ்வளவு சொன்ன விசாரிப்பும் முடிவெடுப்பும் அந்தச் சொல்லில் எங்கே?

– செ.

*

நான் யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு குறுக்கீடு. எங்களுக்குக் காப்பீடு 'காப்புறுதி', மருந்தாளுநர் 'மருந்தாளர்'. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இரண்டு நாட்டுத் தமிழரும் இருக்கிறோம், ஒரு தடவையாவது இரண்டையும் சேர்த்துப் போடுங்கோ.

– த.

*

> அந்தச் சொல்லில் எங்கே?

சரி, 'வழங்கல்' தனியாக நின்றால் ரேஷன் வாடை அடிக்கத்தான் செய்கிறது. சேவையைச் சேர்த்து 'நேர்வழங்கு சேவை' என்றால்? பணம் சேவைக்குத்தான் என்பதும் சொல்லிலேயே வந்துவிடும்.

– வே.

*

எல்லோருக்கும் நன்றி. 'நேர்வழங்கு சேவை'யைக் கட்டண விளக்கத்தில் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். த. அக்கா சொன்னபடி முதல் பத்தியில் இரண்டு நாட்டுச் சொல்லும் வரும். மேலே பெரிய எழுத்தில் இப்படி:

'மருத்துவர் சீட்டு வேண்டாம். மருந்தாளுநரிடம் கேளுங்கள். மாத்திரைக்கு மட்டுமல்ல, அவர் உங்களைப் பரிசோதித்துப் பேசும் நேரத்துக்கும் மெடி-கால் பணம் கொடுக்கும்.'

கீழே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மூத்தோருக்கான மெடிகேர் 2024 செப்டம்பரிலிருந்து ப்ரெப் மருந்துக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. ஆனால் மெடிகேருக்கான கூட்டாட்சிச் சட்டம் சேவைக் கட்டணம் வாங்கக்கூடியோர் பட்டியலில் மருந்தாளுநரை இன்னும் சேர்க்கவில்லை. பெயர் ஒலியை வைத்து மெடி-கால், மெடிகேர் இரண்டையும் ஒன்றென்று நம் வீட்டுப் பெரியவர்கள் நினைத்துவிடுவார்கள். அந்த இரண்டு வரியை யாராவது எளிமையாக எழுதித் தாருங்கள்.

– மீ.