0.63 கிராம் ஆக்சாலிக் அமிலம்: எனக்கு 0.007, விடையில் 0.0050. அவசர உதவி!

பிளஸ்ஒன்_மாணவன்:
0.63 கிராம் ஆக்சாலிக் அமிலம் எத்தனை மோல்? எனக்கு 0.007 வருகிறது, விடை 0.0050. முக்கிய எண்ணுருக்களில் (அளவின் துல்லியத்தைக் காட்டும் இலக்கங்கள்) எங்கேயோ தப்பு விடுகிறேன் போல. நாளைக்குத் தேர்வு, சீக்கிரம் சொல்லுங்க.

தராசுத்தட்டு:
எதால் வகுத்தீர்கள்? கேள்வியை அப்படியே போடுங்கள்.

இலக்கம்:
0.63-இல் முக்கிய எண்ணுருக்கள் இரண்டு. விடையிலும் இரண்டு வேண்டும், அதனால் 0.0070 என்று எழுதணும். முன்னால் வரும் சுழிகள் கணக்கில் சேராது, கடைசிச் சுழி சேரும். எல்லாரும் தவறுவது இங்கேதான்.

தராசுத்தட்டு:
அது சரி. ஆனால் எப்படி முழுமையாக்கினாலும் 7 என்பது 5 ஆகாதே?

நார்மாலிட்டி_ரவி:
சமான எடை (அமிலம் தரும் ஒரு புரோட்டானுக்கு உரிய எடை) 63-ஆல் வகுத்துப் பாருங்கள். தரம்பார்த்தல் (செறிவு தெரிந்த கரைசலை வைத்து இன்னொன்றின் செறிவைக் காண்பது) கணக்கு எல்லாமே அதில்தான் வரும்.

வேதியியல்_மூத்தவர்:
63-ஆல் வகுத்தால் 0.010 வரும், அது சமானங்களின் எண்ணிக்கை. அமிலம் இரண்டு புரோட்டான் தருவதால் மோலைப் போல இரண்டு மடங்கு. கேட்டது மோல். தம்பி, மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) போடுவது ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடம். அதை ஒழுங்காகப் படிக்காமல் இங்கே வந்து நின்றால் என்ன செய்வது?

பிளஸ்ஒன்_மாணவன்:
சார், போட்டேன். கார்பன் 24, ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 64, மொத்தம் 90.

தராசுத்தட்டு:
கூட்டல் சரிதான். கேள்வி எங்கே தம்பி?

பிளஸ்ஒன்_மாணவன்:
"0.63 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகங்கள் நீரில் கரைத்து 100 மி.லி. ஆக்கப்பட்டன. மோல்களின் எண்ணிக்கை, மோலாரிட்டி காண்க." படிகம் என்றாலும் அதே அமிலம்தானே?

தராசுத்தட்டு:
அங்கேதான் விஷயம். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் ஆக்சாலிக் அமிலப் படிகத்தில் ஒரு மூலக்கூறுக்கு இரண்டு நீர் மூலக்கூறுகள் சேர்ந்தே இருக்கும். தராசு அந்த நீரையும் சேர்த்துத்தான் எடை காட்டும். அமிலம் 90.03 + இரண்டு நீர் 36.03 = 126.06. பாட்டில் லேபிளில் 126.07 என்று இருக்கும். அந்தக் கடைசி இலக்க வித்தியாசம் இங்கே ஒன்றும் செய்யாது. 0.63-ஐ 126.07-ஆல் வகுத்தால் 0.004997, இரண்டு இலக்கத்துக்கு 0.0050. மோலாரிட்டி, அதாவது லிட்டருக்கு எத்தனை மோல் என்பது, 0.050.

இதை லேசாக விடாதீர்கள். 90 என்று நினைத்து 0.45 கிராம் படிகம் எடுத்தால், 0.050 என்று நினைக்கும் கரைசல் உண்மையில் 0.036தான். அதை வைத்து பெர்மாங்கனேட்டின் செறிவைக் கண்டுபிடித்தால் அதுவும் தப்பு.

நார்மாலிட்டி_ரவி:
63 வந்ததே 126-இல் பாதியாகத்தான். அப்போதே சொன்னேன்.

இலக்கம்:
கடைசிச் சுழியை மட்டும் விட்டுடாதீங்க. 0.005 என்றால் 0.0045 முதல் 0.0055 வரை எதுவாகவும் இருக்கலாம், பத்து சதவீதம் ஆட்டம். 0.0050 என்றால் ஒரு சதவீதம்தான்.

வேதியியல்_மூத்தவர்:
மூலக்கூறு எண்ணிக்கை கேட்டால்? அவகாட்ரோ எண் (ஒரு மோலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை) 6.022 × 10²³, நான்கு இலக்கம். அதுவும் ஓர் அளவீடுதான், அதன் வரம்பையும் பார்க்கணும்.

இலக்கம்:
இல்லை சார். 2019 மே 20 முதல் 6.02214076 × 10²³ என்பது வரையறையாலேயே துல்லியமான எண். விடையைக் கட்டுப்படுத்துவது 0.63 மட்டும்தான்.

வேதியியல்_மூத்தவர்:
12 கிராம் கார்பன்-12-இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்றுதான் நாங்கள் படித்தோம். அது எப்படி மாறும்?

இலக்கம்:
மாறிவிட்டது. இப்போது எண்தான் துல்லியம், கார்பன்-12-இன் மோலார் நிறைதான் அளந்து காண்பது. வித்தியாசம் மிக மிகச் சிறியது, பள்ளிக் கணக்கில் தெரியவே தெரியாது.

வேதியியல்_மூத்தவர்:
பிறகு எதற்கு இந்தப் பிள்ளைகளைக் குழப்புகிறீர்கள்?

பிளஸ்ஒன்_மாணவன்:
126 போட்டேன், 0.0050 வந்துடுச்சு. நன்றி அண்ணா. அடுத்த கணக்கு காப்பர் சல்ஃபேட், அதிலும் நீர் சேர்க்கணுமா?

தராசுத்தட்டு:
நீலப் படிகம் என்றால் ஐந்து நீர், 249.7. நீரற்ற வெள்ளைப் பொடி என்றால் 159.6. கேள்வியில் எது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.