ஜெரிக்கானுக்குத் தமிழ்: ‘முப்பிடிக்கலன்’ என முன்மொழிகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெரிக்கான் எனப்படும், இருபது லீற்றர் கொள்ளும் இரும்பு எரிபொருள் கேனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் உரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்ட எரிகலன், அடைகலன், கொள்கலன், எண்ணெய்க்கலன் ஆகிய சொற்களை எல்லாம் படித்தேன். தேயிலைத் தோட்டங்களில் புல் வெட்டும் இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் கையாள்வோருக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிவருவதால், இந்தச் சொல் எனக்கு உடனடித் தேவையாகவும் இருக்கிறது.

முதலில் ‘எரிகலன்’. எரிபொருள், எரிகல் ஆகியவற்றில் எரி என்பது வினைத்தொகையாக நின்று, எரிகின்ற பொருள், எரிகின்ற கல் என்று பொருள் தருகிறது. அதே முறையில் எரிகலன் என்றால் தானே எரிகின்ற கலன் என்றுதான் படிப்பவர் கொள்வார். பாதுகாப்புக் கையேட்டில் அந்தச் சொல்லை அச்சிட என் மனம் ஒப்பவில்லை. ‘அடைகலன்’ என்பது காதில் அடைக்கலமாக விழுகிறது. ‘கொள்கலன்’ நல்ல சொல்தான். ஆனால் நம் நாட்டில் அது கொழும்புத் துறைமுகத்திலிருந்து லொறியில் வரும் பெரும் பெட்டிக்கு உரியதாகிவிட்டது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியின்போது எரிபொருளைக் கேன்களில் வழங்குவது கட்டுப்படுத்தப்பட்ட செய்திகளில் கேன், கலன், கொள்கலன் என்ற மூன்றும் மாறிமாறி வந்தன. அப்போது வரிசையில் நின்றவர் கையில் இருந்தவற்றுள் பல சமையல் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் கேன்கள் என்பதையும், அவற்றையும் இந்த இரும்புக் கலனையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆபத்தானது என்பதையும் நாம் மறக்கலாகாது.

ஜெரிக்கான் என்றே எழுதலாம் என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. ஜேர்மனியரைக் குறிக்கப் பிரித்தானியப் படையினர் வழங்கிய ‘ஜெரி’ என்ற கொச்சைப் பெயர் அதில் ஒட்டியிருக்கிறது. கலன் எப்படிப்பட்டது என்று அந்தப் பெயர் எதுவும் சொல்வதில்லை. ஜேர்மனியில் 1930களில் உருவான இந்தக் கலன் இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்கப் பாலைவனத்தில் பிரித்தானியரிடம் சிக்கியபோது, பொருத்துவாயெல்லாம் ஒழுகிய தங்கள் மெல்லிய தகரங்களைக் கைவிட்டு அவர்கள் இதைப் பார்த்து அப்படியே செய்துகொண்டார்கள். இதன் சிறப்பு முழுவதும் வடிவத்திலேயே இருப்பதால், பெயரையும் வடிவத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

வடிவத்தில் முதலில் கண்ணில் படுவது மேலே அருகருகே உள்ள மூன்று பிடிகள். நிறைந்த கலனை ஒருவர் நடுப்பிடியில் தூக்கலாம். ஓரப்பிடிகளை ஆளுக்கொன்றாகப் பற்றி இருவர் சுமக்கலாம். வெறுங்கலன்கள் இரண்டை அடுத்தடுத்து வைத்தால் அவற்றின் ஓரப்பிடிகளைச் சேர்த்து ஒரே கையில் ஒருவர் கொண்டுபோகலாம். பெற்றோல் நிறைந்தால் கலனோடு ஏறத்தாழ 19 கிலோ வரும் இந்தப் பாரத்தை, மழையில் வழுக்கும் மலைப்படிகளில் இறக்குபவருக்கு அந்த மூன்று பிடிகளின் அருமை தெரியும். எனவே ‘முப்பிடிக்கலன்’. ஒற்றைப் பிடியுள்ள பிளாஸ்டிக் கேன் இந்தப் பெயருக்குள் வராது என்பது இச்சொல்லின் கூடுதல் பயன்.

உள்ளே இருப்பது என்ன என்பதைப் பெயருக்குள் புதைக்காமல், எப்போதும் தனி அடையாக முன்னே எழுத வேண்டும்: பெற்றோல் முப்பிடிக்கலன், டீசல் முப்பிடிக்கலன், மண்ணெண்ணெய் முப்பிடிக்கலன். ‘எண்ணெய்க்கலன்’ என்ற முன்மொழிவை நான் எதிர்ப்பதும் இதனால்தான். லயத்து வீட்டில் எண்ணெய் என்றால் அது தேங்காய் எண்ணெயாகவும் இருக்கலாம், விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயாகவும் இருக்கலாம். மண்ணெண்ணெய் என்று நினைத்துப் பெற்றோலை விளக்கில் ஊற்றினால் என்ன நேரும் என்று விளக்கத் தேவையில்லை. கலனின் மேலும் பெயின்றால் பெரிதாக எழுதச் சொல்லிக் கையேட்டில் சேர்த்திருக்கிறேன்.

பக்கவாட்டில் பெருக்கல் குறி போல் அழுத்தப்பட்டுள்ள பள்ளத்துக்கும் ஒரு சொல் தேவை. தகட்டுக்கு வலுக் கொடுக்கும் அந்த அமைப்பு, உள்ளழுத்தம் கூடும்போது பக்கங்கள் சற்றே புடைக்கவும் இடமளிக்கிறது. நமக்கு இது மிகவும் பொருந்தும்: நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கொழும்பில் இறுக மூடிய கலன் மேலே வந்து சேரும்போது புடைத்திருக்கலாம். நெம்பு மூடியை ஒரேயடியாகத் திறக்காமல், முதலில் சற்றே தளர்த்தி ஆவி சீறி அடங்கிய பிறகே முழுதாகத் திறக்க வேண்டும். பள்ளத்துக்கு ‘வலுவரி’ என்று எழுதியிருக்கிறேன். மூடிக்குள் இருக்கும் இறப்பர் வளையத்தை எல்லோரும் வாசர் என்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும். வாங்கும்போது அந்த வாசரில் வெடிப்பு உள்ளதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும், டோர்ச் அடித்து அடித்தட்டின் ஓரத்தில் துரு உள்ளதா என்று பார்ப்பதும் அவசியம். நம் ஈரக் குளிரில் பாதி நிறைந்த கலனுக்குள் நீர் கோத்து, அந்த ஓரத்தில்தான் முதலில் துரு பிடிக்கும்.

நிரப்பும்போது முச்சக்கரவண்டியிலோ லொறியிலோ வைத்து நிரப்பாமல் தரையில் வைத்து, பம்பின் முனை கலனின் வாயைத் தொட்டபடி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தேங்கும் நிலைமின் தீப்பொறியாகலாம். வெப்பத்தில் பெற்றோல் விரியும் என்பதால் கழுத்துவரை நிரப்பவும் கூடாது. அந்த வெற்றிடத்துக்கு ‘விரிவிடம்’ என்ற சொல்லை வைத்திருக்கிறேன்.

ஊற்றும்போது பொருத்தும் வளைகுழாய்க்குக் கெண்டியின் மூக்கை ஒட்டி ‘ஊற்றுமூக்கு’ என்று எழுதியுள்ளேன். காற்று உட்புகும் சிறுகுழாயும் அதனோடு சேர்ந்தே வருவதால், இரண்டையும் வேறுபடுத்தும் சொற்கள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். அந்தப் பக்கத்தை இன்னும் முடிக்கவில்லை.